பரண்ல இல்லாத கிளாரினெட்

மக்கா,

சௌக்கியமான்னு கேட்டு ஆரம்பிக்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன். ஆனா உன்னைத்தான் நான் தினமும் செல்லுல பாக்கேனே. நீ போட்டிருக்க சட்டை, வெட்டாம வளத்து வச்சிருக்க முடி, புரொபசர்மாரு பேசும்போது தாடையில கை வச்சு நீ உக்காந்திருக்க தோரணை, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் சௌக்கியத்தைத்தான் நீ கேக்கல. நானே சொல்லிருதேன். வயித்தெரிச்சல். சாப்பாட்டு எரிச்சல்னு நினைச்சு உங்க அம்மா மோர்ல சீரகத்தைத் தட்டிப் போட்டுத் தந்துக்கிட்டு இருக்கா. இது மோருக்கு அடங்குத எரிச்சல் இல்ல.

ஞாயித்துக்கிழமை நீ போன் போட்டு, "அப்பா, ஆவணி முகூர்த்தத்துல தாலி எடுத்துக் கொடுக்க நம்ம சாரைக் கூப்பிடலாம்னு நினைக்கேன்"னு சொன்ன பாத்தியா, அங்கன ஆரம்பிச்சது. "நம்ம சார்"னு ஒரு ஒட்டு வேற, உன் யூடியூப் நிகழ்ச்சிக்கு வார அந்தப் புரொபசருக்கு. நம்ம குடும்பத்துல தட்டுல இருந்து தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில கொடுக்கது மாப்பிள்ளையோட அப்பன்தான். எனக்கு உங்க தாத்தா எடுத்துக் கொடுத்தாரு. கை நடுங்கி, தாலிக்குப் பதிலா பக்கத்துல இருந்த மஞ்சளை எடுத்து நீட்டினாரு, சபையே சிரிச்சுது. நீ பிறந்து, ஆம்பளப் பிள்ளைன்னு நர்ஸம்மா வந்து சொன்ன அன்னைக்கே, அந்த வேலை எனக்கு வந்துட்டுன்னு நினைச்சவன் நான். நடுங்காமக் கொடுக்கணும்னு கூட நினைச்சிருக்கேன். நீ அதை ஒரே போன்ல எடுத்து இன்னொருத்தர் கையில வச்சுட்ட. அது போதாதுன்னு, "சார் இப்ப சீசனுக்குக் குற்றாலத்துலதான் தங்கியிருக்காங்க, ஆடி பிறக்கதுக்கு முன்னால நீங்களே வெத்தல பாக்கு பழத்தோட போய் முறையா அழைச்சிருங்கப்பா"ன்னு சொன்ன. ஏலே, உனக்கு மனசாட்சி இருக்கா? என் இடத்துல நிக்கப் போற ஆளை நானே தட்டேந்திப் போய்க் கூட்டிட்டு வரணுமாம். "சரி மக்கா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். வச்ச பிறகு உங்க அம்மாகிட்ட பேசின பேச்சை இதுல எழுத முடியாது.

நீ யூடியூப்ல நடத்துத நிகழ்ச்சியைக் குறை சொல்லல. நல்லாத்தான் இருக்கு. பல்கலைக்கழகத்துல படிச்சவங்களைக் கூப்பிட்டு வச்சு, பாட்டு எப்படிக் காதுக்குள்ள போகுது, பறைத் தோலை ஏன் தீயில காட்டுதாங்க, கோயில் மண்டபத்துல தவில் ஏன் அப்படி முழங்குதுன்னு கேக்க. அவங்க சொல்லுதாங்க. ஊர்ல நாலு பேர் என்னை நிப்பாட்டி, "அண்ணாச்சி, உங்க பையன் பேச்சு ஜோரா இருக்கே"ன்னு சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் உயரத்தான் செய்யுது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். அவங்க பேசும்போது நீ எப்படிக் கேக்க தெரியுமா? கண்ணு விரிஞ்சு, வாய் லேசாத் திறந்து, "அப்படியா சார்? அப்புறம்?"னு. அந்த "அப்புறம்" இருக்கே, அதை என்கிட்ட நீ எப்பவாவது சொல்லியிருக்கியா? வீட்டுக்கு வந்தா ரெண்டு காதுலயும் வெள்ளைக் குமிழை மாட்டிக்கிடுத. நான் சோத்துல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட ஒரு பக்கத்தைக் கழட்டிட்டு "என்னப்பா?"ங்க. அந்தப் புரொபசருக்கு ரெண்டு காது, எனக்கு ஒரு காது. அதுவும் கழட்டுன நேரத்துக்கு மட்டும்.

பொங்கலுக்கு வந்தப்ப உங்க அம்மாகிட்ட ஒரு சங்கடம் சொன்ன. "சார் வர்ற வீடியோவாத் தேடிப் புடிச்சு எவனோ ஒருத்தன் டிஸ்லைக் போடுதாம்மா, அப்படி என்ன காண்டோ அவனுக்கு"ன்னு. உங்க அம்மா என்னைப் பாத்தா. நான் விட்டத்தைப் பாத்தேன். அந்த எவனோ நான்தாம்லே. மத்த புரொபசர்மாருக்கு நான் ஒண்ணும் செய்யல. இவரு வந்தா மட்டும் என் பெருவிரல் தானா அங்க போயிரும்.

ஏன் இவரு மட்டும்னு கேட்டா, அந்தக் கிளாரினெட் பேச்சுதான். ஏதோ ஒரு காலேஜ்ல பிள்ளைகளை உக்கார வச்சு நீங்க ரெண்டு பேரும் மேடையில பேசினது. நீ மைக்கைப் புடிச்சுக்கிட்டு கேக்க: "சார், எங்க அப்பா போலீஸ் பேண்ட்ல கிளாரினெட் வாசிச்சாரு. லீவுக்கு வரும்போது வீட்டுல பழகுவாரு. ஒரு இடம் வந்தா மட்டும் கீச்சுன்னு கத்தும். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்போம். ஏன் சார் அங்க மட்டும் அப்படி?" பிள்ளைக எல்லாம் கொல்லுன்னு சிரிக்கு. நீயும் சிரிக்க. எனக்குக் கையில இருந்த காப்பி ஆறிப் போச்சு.

அவரு சிரிக்கல. அதையும் சொல்லணும். புல்லாங்குழல்ல அழுத்தி ஊதினா ச-வுல இருந்து மேல ச-வுக்குப் போகும், கிளாரினெட் அப்படி இல்ல, அது ஒரு பக்கம் மூடின குழாய் மாதிரி, அதனால மேல் ச-வைத் தாண்டி ஒரே தாவா அதுக்கும் மேல இருக்க ப-வுக்குத்தான் போகும், அந்தத் தாவுத இடத்தைக் கடக்க பழகுதவன் எவனும் தடுமாறுவான், அது குழாயோட குணம்னு சொன்னாரு. நான் அதை நிப்பாட்டி நிப்பாட்டி மறுபடியும் கேட்டேன். ஏலே, நான் பேண்ட்ல சேந்த புதுசுல அந்த இடத்துல வந்து முட்டாத நாள் கிடையாது. பேண்ட் மாஸ்டர் எல்லார் முன்னாலயும், "உனக்குக் காதே கிடையாதுடே"ன்னு வஞ்சிருக்காரு.  என் காது ஊனம்னே நினைச்சு சர்வீஸை முடிச்சவன் நான். இவரு வந்து குழாயோட குணம்னு சொல்லுதாரு. எனக்கு அழுகையே வந்துட்டு. அழுதுக்கிட்டே டிஸ்லைக்கை அமுக்கினேன்.

அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டிருந்தா எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது. வாஸ்தவம். ஆனா அந்தக் கீச்சு என் வாயில இருந்து வந்ததுலே. அதைப் பத்திக் கேக்க முதல்ல என்கிட்ட வரணுமா வேண்டாமா? "அந்த இடம் வரும்போது உங்களுக்கு எப்படிப்பா இருக்கும்"னு ஒரு வார்த்தை? கடைசியா இன்னொண்ணு சொன்ன. "அந்தக் கிளாரினெட் இப்ப எங்க வீட்டுப் பரண்ல தூங்குது சார்"னு. பிள்ளைக எல்லாம் உச்சுக் கொட்டுச்சு. பரண்ல கிளாரினெட் எங்கன இருக்கு? அது சர்க்கார் சாமான். ரிட்டையர் ஆன அன்னைக்கு ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டேன். துப்பாக்கி வச்சிருந்தவன் துப்பாக்கியைக் கொடுத்தான், நான் இதைத் துடைச்சு வச்சுக் கொடுத்தேன். லீவுக்கு வரும்போது கூட பேண்ட் மாஸ்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடித்தான் வீட்டுக்குக் கொண்டு வருவேன். பரண்ல நீ பாத்த கருப்புப் பெட்டி உங்க அம்மாவோட தையல் மிஷின் மோட்டார். நீ ஒரு தடவை ஏறித் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

சரி, அழைக்கப் போன கதைக்கு வாரேன். வியாழக்கிழமை காலையில சாரல் பூப்போலத் தூறிக்கிட்டு இருந்துச்சு. உங்க அம்மா வெள்ளைச் சட்டையைத் தேச்சு வச்சா. பித்தளைத் தட்டுல வெத்தல, பாக்கு, தேங்கா, ஒரு சீப்பு மட்டிப்பழம். "மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்சாப்புல வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லி அனுப்பினா. நம்ம மேலகரத்துல இருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அந்த வழி முழுக்க வண்டியில போகும்போதே பேச வேண்டியதை ஒத்திகை பாத்தேன். "சார், நீங்க வரணும், சாப்பிடணும், பிள்ளைகளை வாழ்த்தணும். தாலி மட்டும் எங்க வழக்கப்படி..."ன்னு இழுத்தா புரிஞ்சுக்கிடுவாரு. படிச்சவருதானே.

ஐந்தருவி ரோட்டுல அவரு தங்கியிருக்க காட்டேஜ் வாசல்ல வண்டியை நிப்பாட்டி, தட்டு மேல மூடியிருந்த துணியை எடுத்தேன். எங்கன இருந்துதான் பாத்துக்கிட்டு இருந்துச்சோ, ஒரு தாட்டியான குரங்கு மதில்ல இருந்து குதிச்சு சீப்போட பழத்தைத் தூக்கிட்டுப் போயிட்டு. நான் போட்ட சத்தத்துல உள்ள இருந்து ஒரு மனுஷன் ஓடி வாராரு. இடுப்புல ஈரத் துண்டு, தலையெல்லாம் எண்ணெய், நெத்தியில அரப்புத் தூள். "ஏய்! ஏய்!"னு குரங்கை விரட்டிக்கிட்டுப் போயி, செருப்பு வழுக்கி, மதிலைப் புடிச்சுக்கிட்டு நிக்காரு. செல்லுல அவ்வளவு எடுப்பா இருக்க ஆளு! எனக்கு உள்ளுக்குள்ள என்ன குளிர்ச்சி தெரியுமா?

அதைவிடப் பெரிய குளிர்ச்சி, தட்டுல பழம் இல்ல. பழம் இல்லாத தட்டை நீட்டி கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாதுல்லா? சாமியே குரங்கா வந்து என் பக்கம் நின்னுட்டாருன்னு நினைச்சேன். தட்டை வண்டிப் பையில சொருகிட்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார், நான் இன்னாரோட அப்பா"ன்னேன்.

"அடடே, கிளாரினெட் சாரா!"ன்னாரு. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துட்டு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, சட்டையை மாட்டிட்டு வந்தாரு. நான் மடக்கணும்னே ஒரு கேள்வி வச்சிருந்தேன். "சார், கீச்சு வரது குழாயோட குணம்னு சொன்னீங்க. எங்க பேண்ட்ல என்கூட வாசிச்சவங்களும் அதே குழாய்தான வச்சிருந்தாங்க. அவங்களுக்கு வரலையே?"

 அவரு என்னைப் பாத்து, "தாவறதுதான் சார் குழாயோட குணம். கத்தறது, விரல் ஓட்டையைச் சரியா மூடாததுனால. அது உங்க தப்புதான்"னாரு.

ஏலே, எனக்கு எப்படி இருந்திருக்கும்! அழுது அழுது கேட்ட பதில்ல பாதியைப் புடுங்கிட்டாரு மனுஷன். "அப்ப மேடையில ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"ன்னேன். "உங்க பையன் கேட்டுக்கிட்டு இருந்தான், பிள்ளைங்க சிரிச்சாங்க. அங்க வச்சு அவங்க அப்பா விரலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல"ன்னாரு.  உனக்கு வராத அந்த மனசு அவருக்கு வந்திருக்கு. அதுக்கும் சேத்துப் பொறாமைப்பட்டேன்.

பிறகு அவரு கேக்க ஆரம்பிச்சாரு. "நடந்துக்கிட்டே எப்படி சார் வாசிப்பீங்க? கால் ஒரு கணக்கு, மூச்சு ஒரு கணக்கு, ரெண்டும் சண்டை போடாதா?" உங்க அம்மா கூட என்கிட்ட இதைக் கேட்டதில்ல. நான் எந்திரிச்சு நின்னு, அந்த ரூமுக்குள்ளயே மார்ச் பண்ணிக் காட்டினேன். சுதந்திர தினத்து வெயில்ல நிக்க நிக்க சுருதி மேல ஏறிக்கிட்டே போறதையும், பேண்ட் மாஸ்டர் கண்ணை உருட்டுததையும் சொன்னேன். குழாய்க்குள்ள காத்து சூடானா சத்தம் வேகமாப் போகும், அதனால சுருதி ஏறும்னு அவரு சொன்னாரு. "அப்புறம்?"னு கேட்டேன். என் வாயில இருந்து வந்துட்டுலே, அந்த "அப்புறம்"! நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். நீ ஏன் அப்படி உக்காந்து கேக்கன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு. அந்த மனுஷன் பேசினா எந்திரிச்சுப் போக மனசு வரல.

பேசிக்கிட்டே ஐந்தருவி வரைக்கும் நடந்தோம். தண்ணி ஆர்ப்பரிச்சு விழுந்துக்கிட்டு இருக்கு. "இந்தச் சத்தத்துல எல்லா சுரமும் இருக்கு சார், அதனாலதான் ஒண்ணும் தனியாக் கேட்காது"ன்னு என் காதுகிட்ட கத்தினாரு. நான் விடல. "இல்ல சார், நான் கேட்டிருக்கேன்"னு நானும் கத்தினேன். நீ ஒண்ணாப்பு படிக்கும்போது இதே அருவியில கூட்டத்துல என் கையில இருந்து நழுவிட்ட. அந்த இரைச்சல்ல, அத்தனை ஜனம் கூப்பாடு போட்டுக்கிட்டு இருக்க இடத்துல, உன் "அப்பா" மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு. நேரா அந்தப் பக்கம் போய் உன்னைத் தூக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. அவரு தலையை ஆட்டினாரு. "ஆமா சார். பழகின குரலா இருந்தா, எந்த இரைச்சல்லயும் காது தேடிப் பிடிச்சுக்கும்"னாரு.

திரும்பி வந்ததும் காருக்குள்ள இருந்து ஒரு பெட்டியை எடுத்தாரு. காலேஜ் காலேஜாக் கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுத கிளாரினெட்டாம். "வாசிங்க"ன்னாரு. மாட்டேன்னேன். இன்னொருத்தர் வாய் வச்ச ரீடுத் தகட்டை நான் வாயில வைக்க மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். பிரிக்காத ரீடு ஒண்ணை எடுத்து நீட்டினாரு. பிறகு என்ன சொல்ல? எச்சில்ல நனைச்சு, மாட்டி, ஊதினேன். கீழ நல்லாத்தான் வந்துச்சு. மேல தாவுத இடம் வந்துச்சு பாரு, கீச்சுன்னு ஒண்ணு! மதில்ல உக்காந்து என் மட்டிப்பழத்துல மிச்சத்தைத் தின்னுக்கிட்டு இருந்த குரங்கு, தோலைப் போட்டுட்டு ஓடிட்டு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்காரங்க எட்டிப் பாத்தாங்க. "பார்த்தீங்களா சார், விரல்தான்"னாரு.

அன்னைக்கு அவருகிட்ட இன்னும் என்னென்னவோ சொன்னேன். போலீஸ் வேலைக்குப் போனவன் ஏன் பேண்டுக்குக் கை தூக்கினேன்னு சொன்னேன். ஒரு கல்யாண ஊர்வலத்துல வாசிக்கப் போயி மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னேன். ஒப்படைச்ச அன்னைக்கு ஸ்டோர் வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன்னு சொன்னேன். அதெல்லாம் இதுல எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எப்படி இருக்கு? கொஞ்சம் எரியுதா? எரியட்டும். வேணும்னா ரிக்கார்டரைத் தூக்கிக்கிட்டு வா, தாடையில கை வச்சு என் முன்னால உக்காரு, கேளு. ரெண்டு காதையும் கொண்டு வா.

கல்யாணம் ஆகப் போற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லணும்லா, அதையும் சொல்லிருதேன். வரப் போற பிள்ளை ஆபீஸ்ல இருந்து வந்து, பஸ்ஸுல இடம் கிடைக்காத கதையைச் சொல்லுவா. தலைவலின்னு சொல்லுவா. அதுல விஞ்ஞானமும் இருக்காது, சங்கீதமும் இருக்காது. அப்ப காதுல இருக்கதைக் கழட்டு. ரெண்டையும் கழட்டு. புரொபசரைக் கேக்க மாதிரி "அப்புறம்?"னு கேளு. உங்க அம்மாகிட்ட நான் அப்படிக் கேக்காம விட்டது நிறைய. இப்பக் கேட்டா, "என்ன, உடம்புக்கு முடியலையா?"ங்கா.

கிளம்புத நேரத்துல தட்டு ஞாபகம் வந்துச்சு. பழம் இல்லன்னு சொல்லி அப்படியே வண்டியை எடுத்திருக்கலாம், யாரும் கேக்கப் போறதில்ல. கொஞ்ச நேரம் சாவியைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். பிறகு முக்குக் கடைக்கு நடந்து போயி ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டு வந்தேன். தட்டுல எல்லாத்தையும் அடுக்கி, ரெண்டு கையாலயும் நீட்டி, "ஆவணியில கல்யாணம். நீங்கதான் சார் வந்து தாலி எடுத்துக் கொடுக்கணும்"னு சொன்னேன். அவரு பதறிட்டாரு. "அதெல்லாம் அப்பா செய்யறதில்லையா சார்? நான் எப்படி?"ன்னு பின்னால போனாரு. "எனக்கு அன்னைக்குக் கை ஒழியாது சார்"னேன். அவருக்கு விளங்கல. கார்ல அவரு வைக்கப் போன பெட்டியைக் காட்டி, "அதைக் கல்யாணம் முடியுத வரைக்கும் நான் வச்சுக்கிடலாமா?"ன்னு கேட்டேன்.

அதனால மக்கா, விஷயம் இதுதான். பொறாமை போயிட்டுன்னு நினைச்சுராத, அது அப்படியேதான் இருக்கு. தாலியை அவரு எடுத்துக் கொடுக்கட்டும். மேளக்கார அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன், நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி. இப்ப தினமும் சாயங்காலம் பழகுதேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக மறுபடியும் காத்துக்கிட்டு இருக்கு. அந்த இடம் இன்னும் சரியா வரல. வந்தாலும் வராட்டாலும் வாசிப்பேன். கெட்டிமேளம் கொட்டி, பொம்பளைக குலவை போட்டு, மண்டபமே இரையும்போது என் சத்தம் சபையில ஒருத்தருக்கும் கேக்காது. நீ முடிச்சுப் போடுத நேரத்துல கீச்சுன்னு ஒண்ணு உனக்கு மட்டும் கேட்டா, திரும்பிப் பாக்காத. முடிச்சைப் போடு. அது நான்தான்.